பனியையும் எடை போடும் பெட்டி: காற்று மாசு அளவீடு, கேள்வி-பதில்

பால்கனியில் ஒரு கருவி மாட்டியிருக்கிறேன். மார்கழி விடியலில் பிஎம் 2.5 (2.5 மைக்ரான் வரையுள்ள நுண்துகள்) அளவு 150 என்கிறது. பக்கத்து அரசு நிலையம் 70 என்கிறது. யார் பொய் சொல்கிறார்கள்? (மேடவாக்கம் வாசகர்)

பொய் ஒன்றுமில்லை. உங்கள் கருவி ஈரத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுகிறது. விலை குறைந்த கருவிகளுக்குள் இருப்பது ஒரு குட்டி லேசர். துகள் மேல் பட்டுச் சிதறும் ஒளியைப் பார்த்து எடையை ஊகிக்குமே தவிர, எடை போடாது. ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டினால் சல்பேட், நைட்ரேட், கடல் உப்புத் துகள்கள் எல்லாம் ஊறவைத்த கொண்டைக்கடலை போல உப்பிவிடும். ஒளி கூடுதலாகச் சிதறும், எண்ணும் எகிறும்.

அரசு நிலையங்களில் பரவலாக இருப்பது பீட்டா கதிர் முறை. துகளை ஒரு நாடாவில் படியவிட்டு, அதன் வழியே கதிரைச் செலுத்தி, எவ்வளவு தடுக்கப்பட்டது என்று பார்த்து நிறையைக் கணக்கிடுவார்கள். காற்று நுழையும் குழாயைச் சூடாக்கி ஈரத்தையும் விரட்டுவார்கள். வெயில் ஏறிய பிறகு, பத்து மணிக்கு மேல் இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள், இடைவெளி குறையும். ஒன்று கவனம்: அரசு செயலியில் வரும் ஏக்யூஐ (காற்றுத் தரக் குறியீடு) துகள்களுக்கு 24 மணி நேரச் சராசரியை வைத்துப் போடப்படுவது. அதோடு உங்கள் கருவியின் இந்த நிமிட எண்ணை வைத்துச் சண்டை போடாதீர்கள்.

ஒரே ஊர், ஒரே நேரம். ஒரு செயலியில் ஏக்யூஐ 100, இன்னொன்றில் 150க்கு மேல். ஏன்? (திருச்சி)

அளவுகோல் வேறு. கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம் பிஎம் 2.5 இருந்தால் இந்தியக் குறியீட்டில் 100, அதாவது ‘திருப்திகரம்’. அமெரிக்கக் குறியீட்டில் அதே காற்று 150ஐத் தாண்டி ‘ஆரோக்கியமற்றது’ ஆகிவிடும். 24 மணி நேரத்துக்கு உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன வரம்பு 15 மைக்ரோகிராம்தான். எனவே மைக்ரோகிராமைப் பாருங்கள். செயலி காட்டும் வண்ணங்களை நான் பெரிதாக நம்புவதில்லை.

சாம்பிராணி போட்டால் என் கருவியில் கார்பன் டை ஆக்சைடு 2000 பிபிஎம்மைத் (பத்து லட்சத்தில் 2000 பங்கு) தொடுகிறது. ஆபத்தா? (மதுரை)

கங்கிலிருந்து கொஞ்சம் வரும்தான். ஆனால் மலிவான பல கருவிகள் அந்த வாயுவை அளப்பதே இல்லை. வேறு ஆவிகளை மோப்பம் பிடித்து ஓர் எண்ணை ஊகித்துக் காட்டும். அகச்சிவப்பு முறையில் அளப்பதுதானா என்று பெட்டியில் பாருங்கள். சாம்பிராணியில் கவலைப்பட வேண்டியது அந்த எண்ணைவிடப் புகைத் துகளைப் பற்றித்தான்.

பள்ளிக்கு நான்கு கருவிகள் வாங்கினோம். எப்படி நம்புவது? (ஆசிரியை, எண்ணூர்)

மாட்டுவதற்கு முன் நான்கையும் ஒரே இடத்தில் இரண்டு வாரம் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மற்றவற்றோடு ஒத்துப்போகாத கருவியைக் கழித்துவிடுங்கள். பிறகு அனுமதி கிடைத்தால், மணலி நிலையம் போன்ற ஓர் அரசு நிலையத்தின் அருகே சில வாரம் வைத்து, ஈரப்பதத்தையும் குறித்துக்கொண்டு, உங்களுக்கான திருத்தக் கணக்கை எடுங்கள். பர்ப்பிள்ஏர் என்ற நிறுவனத்தின் விலை குறைந்த லேசர் கருவிகளுக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை எடுத்த கணக்கில் கருவியின் எண்ணை 0.524ஆல் பெருக்கி, ஈரப்பதத்துக்கு ஏற்பக் கழித்து, 5.75 கூட்டுவார்கள். அது அமெரிக்கக் காற்றுக்கானது, எண்ணூருக்கு அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கோடையில் எடுத்த கணக்கை ஐப்பசி மழையில் மறுபடி சரிபாருங்கள்.

கருவி காட்டும் பிஎம் 10 (10 மைக்ரான் வரையுள்ள துகள்) எண்ணை மாணவர்கள் குறிக்கவே வேண்டாம். பெரிய தூசியை இந்த லேசர் சரியாகப் பிடிக்காது. சாலைப் புழுதி எழும்போதும் அந்த எண் அசையாமல் நிற்கும்.

மாதம் ஒருமுறை காற்று நுழையும் துளையைப் பார்த்துவிடுங்கள். ஒரு கருவியில் குளவி மண்கூடு கட்டி வாயை அடைத்திருந்தது. நாங்கள் கண்டுபிடிக்கும்வரை அந்தத் தெருவில் காற்று அப்பழுக்கற்றது!