"ஒரு தொந்தரவும் இல்லையே" என்கிற அப்பாவை என்ன செய்வது?

கேள்வி: என் அப்பாவுக்கு 63 வயது. ஆற்காட்டில் தனியாக இருக்கிறார். நான் சென்னையில் வேலை பார்க்கிறேன். அவருக்குச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இருப்பதாகச் சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். "உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லையே, எதற்கு இதெல்லாம்" என்கிறார். அன்றாடப் பழக்கங்களால் முதுமை நோய்களைத் தடுக்க முடியுமா? எதில் தொடங்குவது?

பதில்:

தம்பி, உங்கள் அப்பா சொல்லும் அந்த வார்த்தையையே என் அண்ணனும் பல ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தார். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன். எனக்கு 68 வயது. காட்பாடியில் இருக்கிறேன். பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள், மருத்துவர் அல்ல. வீட்டுப் பெரியவர்களைப் பார்த்துக்கொண்டதிலும், இப்போது என்னையே பார்த்துக்கொள்வதிலும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

அண்ணன் குடியாத்தத்தில் இருக்கிறார். பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை. வைகாசி முதல் நாள் அங்கே கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, அம்மனின் சிரசை, அதாவது தலையை, ஊர்வலமாக எடுத்து வருவார்கள். அக்கினி நட்சத்திரத்தின் நடுவில் வருகிற நாள். சிறு வயதிலிருந்தே செருப்பில்லாமல் ஊர்வலத்தோடு போவது அவர் வழக்கம். அந்த ஆண்டும் போய், வெயில் ஏறிய பிறகு தார்ச் சாலையில் நடந்தே வீடு திரும்பினார். "அம்மன் அருள், சூடே தெரியவில்லை" என்று பூரிப்போடு சொன்னார். மூன்றாம் நாள் தரையில் ஈரத் தடம் படிந்திருப்பதைப் பார்த்து அண்ணிதான் அவர் காலைத் தூக்கிப் பார்த்தார். கொப்புளம் உடைந்து சீழ் பிடித்திருந்தது. ஐந்து வாரம் கட்டுப் போட்டும் பெருவிரலைக் காப்பாற்ற முடியவில்லை.

ஆண்டுக்கணக்கில் ஏறிக் கிடந்த சர்க்கரை அவர் பாத நரம்புகளை மரத்துப்போகச் செய்திருந்தது. அதனால்தான் சுடவில்லை. வேலூர்ப் பக்கத்து மனிதர்களுக்கு இது அறியாத பாடம் என்று சொல்ல முடியாது. 1946இல் இங்கே சி.எம்.சி. என்கிற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாத கைகால்களில் படும் காயமும் சூடும் கவனிப்பாரில்லாமல் புரையோடித்தான் விரல்கள் அழிகின்றன என்று எடுத்துக்காட்டினார். அந்த நோயாளிகளின் பாதத்தைக் காத்த மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பர் செருப்பைத்தான் இன்று சர்க்கரை நோயாளிகளுக்கும் எழுதித் தருகிறார்கள். அண்ணன் இப்போது வீட்டுக்குள்ளும் அதைப் போட்டுக்கொண்டுதான் நடக்கிறார். மறு ஆண்டு சிரசைத் தெருமுனையில் செருப்போடு நின்று கும்பிட்டார். அம்மன் கோபித்துக்கொள்ளமாட்டாள் என்று அவரைச் சம்மதிக்க வைக்க எனக்கு ஒரு மாதம் ஆனது.

வயது ஏற ஏற உடம்பு குரல் கொடுப்பது குறைந்துவிடுகிறது. பாதத்துக்குச் சூடு தெரியாமல் போகலாம், நாக்குக்குத் தாகம் சரியாகத் தெரியாது. இரத்த அழுத்தமோ எந்த வயதிலும் பெரும்பாலும் சொல்லிக்கொண்டு வருவதில்லை. உடம்பு சொல்லாமல் விடுவதை நாம் நேரம் வைத்துக் கேட்க வேண்டும். முதியவர்களுக்கு நல்ல பழக்கம் என்று நான் சொல்வது இதைத்தான். அதிசயக் கஷாயங்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. அவற்றை நம்பி மாத்திரையை நிறுத்துகிறவர்களைப் பார்த்தால் நெஞ்சு பதைக்கிறது.

ஆகவே பாதத்தில் தொடங்குங்கள். இரவு படுக்கும் முன் உள்ளங்காலையும் விரல் இடுக்குகளையும் பார்க்க வேண்டும். குனிய முடியாவிட்டால் கைக்கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம். சிறு கீறலோ நிற மாற்றமோ இருந்தால் மறுநாளே மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். கண் விழித்திரையையும் ஆண்டுக்கு ஒரு முறை பரிசோதிப்பது அவசியம். பார்வை நன்றாக இருக்கும்போதே அங்கே பாதிப்பு தொடங்கியிருக்கலாம்.

அழுத்தத்தை அளப்பதிலும் முறை இருக்கிறது. காபி குடித்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். ஐந்து நிமிடம் பேசாமல் சாய்ந்து உட்கார்ந்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து அளந்து, தேதியோடு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். 140/90க்கு மேல் மீண்டும் மீண்டும் வந்தால் நோட்டோடு மருத்துவரைப் பார்க்க வேண்டும். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் அழுத்தத்துக்கும் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவந்து தருகிறார்கள். தனியாக இருப்பவருக்கு இது பெரிய உதவி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துவிடுங்கள்.

உப்புக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், போதும் என்கிறது. நான்கு பேர் உள்ள வீட்டில் ஒரு கிலோ உப்பு 50 நாளாவது வர வேண்டும். பாக்கெட்டைப் பிரிக்கும் நாளை அதன் மேலேயே எழுதி வைத்தேன். எங்கள் வீட்டில் 31ஆம் நாள் தீர்ந்துவிட்டது, அதுவும் ஊறுகாய், அப்பளம், கருவாட்டில் உள்ள உப்பைச் சேர்க்காமல்! அதைப் பார்த்த பிறகுதான் என் கை குறைந்தது.

களியைப் பற்றிக் கட்டாயம் கேட்பீர்கள். நம் பக்கத்தில் எல்லோரும் சொல்வது, "கேழ்வரகு சாப்பிடு, சர்க்கரை ஓடிவிடும்." கேழ்வரகு நல்ல தானியம்தான், 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. ஆனால் அதுவும் மாவுச்சத்துதான். கூழாகக் கரைத்து இரண்டு சொம்பு குடித்தால் சர்க்கரை விறுவிறுவென்று ஏறும். ஒரு சிறிய உருண்டைக் களி, அதைவிட அதிகமாகக் கீரைக் கடைசலும் காயும் என்று தட்டை மாற்றச் சொல்லுங்கள். தனியாக இருப்பவர்கள் காலையில் இரண்டு இட்லி, இரவில் இரண்டு இட்லி என்று முடித்துக்கொள்கிறார்கள். தசை கரைவது இப்படித்தான். முதியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராமாவது புரதம் தேவை. ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் ஏறத்தாழ 7 கிராம். ஆற்காட்டில் கடலைக்குப் பஞ்சமா? வேகவைத்துச் சாப்பிடட்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் அளவை மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

தசையைப் பற்றி நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு என் அம்மாதான் காரணம். 74 வயதில், இரவு இரண்டு மணிக்குச் சிறுநீர் கழிக்க எழுந்தார். எழுந்த வேகத்தில் தலை சுற்றியது. பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை, விளக்கும் எரியவில்லை. இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு கோலூன்றி நடந்தார், ஆனால் பின்கட்டுக் கிணற்றடிக்கு அவர் அதன் பிறகு போகவே இல்லை. அந்தக் கிணற்றடிதான் அவர் உலகமாக இருந்தது. திடீரென எழும்போது அழுத்தம் இறங்கும் என்பதும், படுக்கை ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்து காலை ஆட்டிவிட்டு எழ வேண்டும் என்பதும் எங்களுக்கு அன்று தெரியாது. குளியலறையில் ஒரு கைப்பிடிக் கம்பி, வழுக்காத மிதியடி, இரவு முழுவதும் எரியும் சிறு விளக்கு, இவ்வளவுதான் செலவு. அம்மாவுக்காக நாங்கள் செய்யவில்லை. உங்கள் அப்பாவுக்கு இந்த மாதமே செய்துவிடுங்கள்.

நடை நல்லது. வாரத்தில் 150 நிமிடம் சுறுசுறுப்பாக நடந்தால் இதயத்துக்கும் சர்க்கரைக்கும் உதவும். ஆனால் விழாமல் இருக்க நடை மட்டும் போதாது. நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது பத்து முறை, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பது, இப்படிக் காலுக்கு வலுவும் நிதானமும் தரும் பயிற்சியை வாரம் மூன்று நாளாவது செய்ய வேண்டும். முதலில் என்னால் நான்கு முறைதான் எழ முடிந்தது, மூன்று மாதத்தில் பன்னிரண்டு ஆனது. மூட்டு வலி பழையபடிதான் இருக்கிறது, கூடவில்லை.

கோடையில் நடை வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிட வேண்டும். இங்கே மே மாதத்தில் 40 டிகிரி தாண்டுவது வாடிக்கை. தாகத்துக்காகக் காத்திராமல் சொம்பில் அளந்து வைத்துக் குடிக்கட்டும். இதய பலவீனமோ சிறுநீரக நோயோ இருந்தால் அந்த அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அழுத்த மாத்திரைகளில் சில சிறுநீரை அதிகம் போக்கும். வெயில் காலத்துக்கு முன் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பீடி, சிகரெட் இருந்தால் அதை விட்டாக வேண்டும், இதில் பேச்சுக்கே இடமில்லை. ஆண்டுதோறும் ஃப்ளூ தடுப்பூசி பற்றியும் நிமோனியா தடுப்பூசி பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள். காது மந்தமானால் கருவி வைக்கத் தயங்க வேண்டாம். கேட்காத காது ஆளைத் தனிமையில் தள்ளிவிடுகிறது, மறதி நோய்க்கான ஆபத்தையும் கூட்டுகிறது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் சொன்னால் உங்கள் அப்பா போனை வைத்துவிடுவார். இரவில் பேசும்போது "சாப்பிட்டீர்களா" என்று கேட்பீர்கள் அல்லவா, அதோடு "காலைப் பார்த்தீர்களா, மாத்திரை போட்டீர்களா" என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பதில் தயங்கி வந்தால் அந்த வாரக் கடைசியில் ஆற்காட்டுக்குப் பஸ் ஏறிவிடுங்கள்.