தேர்தல் வழக்கில் நீதி பெரிதா, நடைமுறை பெரிதா?

திருகோணமலையில் இருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: வாக்கெடுப்பில் முறைகேடு நடந்ததற்கு ஆதாரம் இருந்தும், சின்னப் பிழைக்காக மனுவை நீதிமன்றம் தள்ளலாமா?

தள்ளலாம். ஆனால் எல்லாப் பிழையும் ஒன்றல்ல.

பாராளுமன்றத் தேர்தல் மனுவை, முடிவு அரச வர்த்தமானியில் வந்து 21 நாட்களுக்குள் கொழும்பில் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். 22ஆம் நாள் போனால் ஆதாரம் எவ்வளவு வலுவாக இருந்தும் பயனில்லை. மூதூரில் இருந்து ஆவணம் திரட்டுபவருக்கு இது கொடுமைதான். ஆனாலும் இந்தக் கெடு எனக்கு நியாயமாகவே படுகிறது. தெரிவான உறுப்பினரின் ஆசனம் எந்நேரமும் ஆட்டம் காணக் கூடாதே. ஊழல் செயல் என்று குற்றஞ்சாட்டினால் சத்தியக்கடதாசியும், அதாவது சத்தியம் செய்து எழுதிய வாக்குமூலமும், இணைக்க வேண்டும்.

இந்தப் படியைத் தாண்டினால் சட்டத்தின் பார்வை மாறுகிறது. அதிகாரிகள் விதியை மீறினார்கள் என்று மட்டும் காட்டினால் போதாது. அது முடிவைப் பாதித்ததா என்பதும் கேள்வி. 1988 ஜனாதிபதித் தேர்தலை எதிர்த்து சிறிமாவோ பண்டாரநாயக்க போட்ட மனு, முடிவு பாதிக்கப்பட்டதாக நிரூபிக்கப்படாததால் 1992இல் உயர் நீதிமன்றத்தில் தள்ளுபடியானது. நான்கே ஆசனங்கள் உள்ள திருகோணமலை மாவட்டத்தில் சில நூறு வாக்குகள்கூட முடிவை மாற்றலாம் என்பதால், முடிவு பாதிக்கப்பட்டது என்ற வாதத்துக்கு இங்கே கொஞ்சம் கூடுதல் இடமுண்டு.

வேட்புமனு நிராகரிப்பு வேறு கதை. அது வாக்கெடுப்புக்கு முன்பே நடப்பதால் திருத்த வழியிருக்கிறது. 2025 உள்ளூராட்சித் தேர்தலில் பிறப்புச் சான்றிதழ் பிரதிகளைக் காரணம் காட்டி நிராகரித்த பல வேட்புமனுக்களை ஏற்குமாறு மேன்முறையீட்டு நீதிமன்றம் உத்தரவிட்டது. சரியான முடிவு. வேட்பாளரின் வயதில் சந்தேகமே இல்லாதபோது பிரதியின் முத்திரையைப் பிடித்துத் தொங்குவதில் என்ன இருக்கிறது?