தோட்டத்தில் தானாக முளைக்கும் களைகளை எப்படி அடையாளம் கண்டு அகற்றுவது?

தோட்டத்தில் தானாக முளைத்த செடிகளில் எது களை, அதை எப்படி ஒழிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். பெயரைத் தேடுவதற்கு முன்பு அவற்றுள் ஒன்றை முழுமையாகத் தோண்டியெடுத்து, மண்ணுக்கடியில் இருக்கும் பகுதியைப் பாருங்கள். அகற்றும் முறையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அந்தப் பகுதிதான்.

குப்பைமேனி, குப்பைக்கீரை போன்றவை விதையால் பெருகுபவை. மண் ஈரமாக இருக்கும்போது, பூப்பதற்கு முன்பே வேரோடு பிடுங்கிவிட்டால் அவற்றின் கதை முடிந்தது. விதை பிடித்த செடியை மட்டும் உரக்குழியில் போடாதீர்கள்.

கோரை அப்படிப்பட்டதன்று. பார்வைக்குப் புல்லைப் போலிருந்தாலும், அதன் பூத்தண்டை விரல்களுக்கிடையே உருட்டினால் மூன்று விளிம்புகள் தட்டுப்படும். மண்ணுக்கடியில் அதன் கிழங்குகள் மெல்லிய தண்டுகளால் கோக்கப்பட்ட மணிகளைப் போல வரிசையாக இருக்கும். மேற்பகுதியைப் பிடுங்கும்போது அந்த இணைப்பு அறுந்து, அதுவரை உறங்கிக்கிடந்த கிழங்குகளும் துளிர்க்கத் தொடங்கும். பாலித்தீன் விரிப்பைக்கூடக் குத்திக்கொண்டு வெளிவரக்கூடிய அதனை வைக்கோல் மூடாக்கு தடுத்துவிடும் என்று நம்பவேண்டாம். களைக்கொத்தால் ஆழமாகத் தோண்டிக் கிழங்குகளைப் பொறுக்கியெடுப்பதும், மீண்டும் துளிர்ப்பவற்றைப் புதுக்கிழங்கு வைப்பதற்குள் விடாமல் அகற்றிக் கிழங்கின் சேமிப்பைத் தீர்ப்பதுமே நான் நம்பும் வழி. நிழலில் கோரை மெலியும் என்பதால், அடர்ந்து படரும் பயிரை அங்கு வைப்பதும் உதவும். அருகம்புல்லும் கணுவுக்குக் கணு வேர்விடுவது. அதைக் கொத்தித் துண்டாக்கினால் துண்டுகள் பலவும் தனிச்செடிகளாகிவிடும்.

உண்ணத்தக்க பருப்புக்கீரையும் தானாக முளைக்கும், ஆனால் தரையோடு படரும் பால் வடியும் சிலவகைச் செடிகளும் தோற்றத்தில் அதை ஒத்திருப்பதால் இங்கே அவசரம் கூடாது. தண்டை ஒடித்துப் பாருங்கள்: வெள்ளைப் பால் வடிந்தால் அது பருப்புக்கீரை அன்று, உண்ணவும் கூடாது. பால் வராததாலேயே ஒரு செடியைக் கீரை என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. சந்தேகம் இருந்தால் சமைக்காதீர்கள்.

ஆழமாகப் பிளவுபட்ட இலைகளும் சிறு வெள்ளைப் பூக்களும் கொண்ட பார்த்தீனியத்தை வெறுங்கையால் தொடவேண்டாம். அது தோல் அழற்சியையும், அதன் மகரந்தம் மூச்சுத் தொல்லையையும் உண்டாக்கக்கூடும். கையுறையும் முகக்கவசமும் அணிந்து, பூக்குமுன்பே வேரோடு எடுத்துவிடுங்கள்.

உப்பு கொட்டும் யோசனையைச் சிலர் சொல்வார்கள். அது களையோடு மண்ணையும் கெடுக்கும் என்பதால் நான் அதை உறுதியாக மறுக்கிறேன். அதைவிட, புதிய பாத்தியில் விதைப்பதற்கு முன்பு நீர்விட்டு இரண்டு வாரம் காத்திருந்து, முளைத்துவரும் களைகளை மேலோட்டமாகச் சுரண்டியெடுத்தபின் விதையுங்கள். அப்போது ஆழமாகக் கொத்தினால் கீழே புதைந்துகிடக்கும் விதைகள் மேலே வந்து, வெளிச்சம் பட்டு மறுபடி முளைக்கும்.