ஹேண்டில்பாரை உயர்த்தினால் மணிக்கட்டு வலி தீருமா?

கேள்வி: என் உயரம் 5 அடி 11 அங்குலம். ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650 ஓட்டுகிறேன். திண்டுக்கல்லிலிருந்து கோவைக்குப் போய்வந்தால் மணிக்கட்டும் தோள்பட்டையும் இரண்டு நாள் வலிக்கின்றன. 40 மி.மீ. ரைசர் போட்டால் சரியாகிவிடும், கேபிள் எதையும் மாற்ற வேண்டியதில்லை, அரை மணி நேர வேலைதான் என்கிறார் கடைக்காரர். நம்பலாமா?

பதில்: ரைசரை நம்பலாம். கேபிளை மாற்ற வேண்டியதில்லை என்ற பேச்சை மட்டும், உங்கள் வண்டியிலேயே சோதித்துப் பார்க்கும்வரை நம்பாதீர்கள்.

ஹேண்டில்பாரைப் பற்றியிருக்கும் கிளாம்ப்புக்கு அடியில் வைக்கும் உலோகத் துண்டுதான் ரைசர். சில ரைசர்கள் ஹேண்டில்பாரை உயர்த்த மட்டும் செய்யும். சில, உயர்த்துவதோடு உங்களை நோக்கிப் பின்னாலும் கொண்டுவரும். உடல் நிமிரும்போது கையில் இறங்கிய எடை இடுப்புக்குப் போய்விடும் என்பதால் மணிக்கட்டு வலி குறையும். அதே காரணத்தால் முன்சக்கரத்தின் மேலுள்ள சுமையும் சற்றுக் குறைகிறது, நெஞ்சில் காற்றும் கூடுதலாக மோதுகிறது. அந்தக் காற்றைத் தாங்க ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்தால் நாற்கரச் சாலை வேகத்தில் வண்டி அலைபாயத் தொடங்கும். ஆகவே 40 மி.மீ. வேண்டாம், 20 முதல் 25 வரை போதும்.

அதற்கும் முன்னால், காசு செலவில்லாத ஒன்றைச் செய்து பாருங்கள். கிளாம்ப் போல்ட்டுகளைத் தளர்த்தி ஹேண்டில்பாரைச் சிறிதளவு பின்னோக்கிச் சுழற்றுங்கள். பிரேக், கிளட்ச் லீவர்களையும், விரலை நீட்டினால் மணிக்கட்டு மடங்காமல் முழங்கையோடு நேர்க்கோட்டில் நிற்கும்படி திருப்பி வையுங்கள். மணிக்கட்டு வலியோடு என்னிடம் வந்த பலருக்கு இதுவே போதுமானதாக இருந்தது. விற்பதற்குப் பொருள் எதுவும் இல்லாத யோசனை என்பதால் கடையில் இதைச் சொல்ல மாட்டார்கள்.

ரைசர் போட்டே ஆக வேண்டுமென்றால், பொருத்தி முடித்ததும் வண்டியை நிறுத்திவைத்து நியூட்ரலில் இன்ஜினை மட்டும் ஓடவிட்டு, ஹேண்டில்பாரை இடக்கோடி வரைக்கும் பிறகு வலக்கோடி வரைக்கும் மெதுவாகத் திருப்புங்கள். இன்ஜின் சத்தம் தானாக ஏறினால் ஆக்ஸிலேட்டர் கேபிள் இழுபடுகிறது என்று பொருள். நெரிசலான சாலையில் வண்டியைத் திருப்பும்போது அது தானாகவே முன்னால் பாயும். முன்பிரேக்குக்கு எண்ணெய் கொண்டுபோகும் ஹோஸை, சென்டர் ஸ்டாண்டு போட்டு முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிய நிலையில் பார்க்க வேண்டும். முன்சக்கரத்தைத் தாங்கும் இரு குழாய்களான ஃபோர்க் முழுதாக நீளும் அப்போதுதான் ஹோஸ் மிகவும் விறைக்கும். பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது நேர்வதும் இதுவே. கடையில் வண்டியைத் தரையில் நிறுத்திப் பார்த்து, எல்லாம் சரி என்று அனுப்பிவிடுகிறார்கள். ஸ்விட்சுகளுக்குப் போகும் வயர்களும் இதேபோல் தளர்வாக இருக்க வேண்டும். எது விறைத்தாலும் நீளமான கேபிளோ ஹோஸோ வாங்குங்கள், அல்லது உயரத்தைக் குறையுங்கள். பிளாஸ்டிக் டை (கட்டும் பட்டை) போட்டு இழுத்துக் கட்டிச் சமாளிக்க விடாதீர்கள்.

எனக்கு இதைவிடக் கவலை தருவது போல்ட்டுதான். ரைசர் வைத்தால் பழைய போல்ட்டின் நீளம் போதாது. எட்டு மி.மீ. போல்ட்டாக இருந்தால் குறைந்தது 12 மி.மீ. அளவுக்கு மரை உள்ளே ஏற வேண்டும். அளவுக்கு மீறி நீளமாக இருந்தாலும் ஆபத்துதான்: நுனி அடியில் போய் முட்டி நிற்க, ஸ்பேனருக்கு இறுகியதுபோலத் தோன்றும், கிளாம்ப்போ எதையும் பிடித்திருக்காது. தலையில், வலுவைக் குறிக்கும் 8.8 அல்லது அதற்கு மேற்பட்ட எண் பொறிக்காத போல்ட்டை ஏற்காதீர்கள். 'எல்லா வண்டிக்கும் பொருந்தும்' என்று பளபளப்பாக விற்கும் செட்டுகளோடு வரும் போல்ட்டுகளில் பெரும்பாலும் அந்த எண்ணைப் பார்க்க முடிவதில்லை. மெக்கானிக்குக் கமிஷன் கிடைக்கும் செட்டையே அவர் உங்களுக்குப் பரிந்துரைக்கிறார் என்பதையும் மனதில் வையுங்கள். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு ரைசர் அடுக்குவதை எக்காரணத்துக்காகவும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

சட்டத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்லியாக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. ஹேண்டில்பாரின் உயரம் அந்தச் சான்றில் இடம்பெறுவதே இல்லை. 2019இல் திருத்தி எழுதிய 182ஏ பிரிவோ அனுமதியில்லாத பாகங்களைப் பொருத்தினால் ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்கிறது. 20 மி.மீ. உலோகத் துண்டு இவற்றில் எதில் அடங்கும் என்று சாமானியனுக்குப் புரியும்படி ஒரு வரி எழுதி வைக்க இத்தனை ஆண்டுகளில் யாருக்கும் தோன்றவில்லை. அந்த இடைவெளியில்தான், 'ஆர்டிஓ ஒப்புதல் வாங்கித் தருகிறேன்' என்று ஏஜெண்டுகள் பணம் பறிக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் மட்டும் ரைசர் பொருத்துவதைப் பற்றி மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

இவை எல்லாம் ஒரே குழாயாக உள்ள ஹேண்டில்பாருக்குத்தான். உங்கள் நண்பர் யாராவது கான்டினென்டல் ஜிடி 650 வைத்திருந்து, இதைப் படித்துவிட்டு ரைசர் தேடினால் தடுத்துவிடுங்கள். அதில் இருப்பது இரு ஃபோர்க் குழாய்களையும் தனித்தனியே பற்றி நிற்கும் கிளிப்-ஆன். அடியில் துண்டு வைக்க இடமே இல்லை. சிலர் ஃபோர்க் குழாய்களை மேலே துருத்தவிட்டு அந்த உயரத்தில் கிளிப்-ஆனை மாட்டித் தருகிறார்கள். அப்படிச் செய்தால் வண்டியின் முன்பக்கமே தாழ்ந்து, ஃபோர்க்கின் சாய்வு குறைந்து, நேர்ச்சாலையில் நிலையாக ஓடும் தன்மை கெட்டுப்போகும். அந்த வண்டிக்கென்றே செய்த, உயரம் கூட்டிய கிளிப்-ஆன் கிடைத்தால் வாங்கலாம். கிடைக்காவிட்டால் உள்ளபடியே ஓட்டட்டும்.

வேலை முடிந்தபின் போல்ட்டுகளை வண்டிக் கையேட்டில் உள்ள அளவுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்கச் சொல்லுங்கள். முதல் 200 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி சரிபாருங்கள். கழற்றிய பழைய போல்ட்டுகளைக் கடையில் விட்டுவிடாமல் கேட்டு வாங்கி வீட்டில் வையுங்கள். ரைசர் ஒத்துவராவிட்டால் வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவர அவை வேண்டும்.