வாசகர் கேள்வி பதில்: பாராளுமன்றம் நினைச்சா எதையும் செய்யலாமா?

கேள்வி: ஐயா, எங்க தாத்தா காலத்துல பிரஜாவுரிமைய பறிச்சது பாராளுமன்றம் தானாமே, அப்படி செய்ய அதுக்கு அதிகாரம் இருந்துச்சா? இப்பவும் செய்யலாமா?
– வாசகி, டிக்கோயா

பதில்: தங்கச்சி, இது எங்க வீட்டுலயும் நடந்த கதைதான். 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்க இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டத்துல நீ இங்க பொறந்தது போதாது, உங்கப்பாவும் இங்க பொறந்தவர்னு காட்டுன்னு கேட்டாங்க, தோட்டத்து லயத்துல, அதாவது வரிசை வீட்டுல பொறந்தவங்ககிட்ட ஏது பிறப்பு பத்திரம், நம்ம மலையகத் தமிழர் சுமார் 7 லட்சம் பேர் நாடில்லாதவங்களா நின்னாங்க, அடுத்த வருசமே தேர்தல் சட்டத்த திருத்தி ஓட்டையும் எடுத்துட்டாங்க. 1947ல நுவரெலியாவுல ஜெயிச்சு நம்ம மலையகத் தலைவர் தொண்டமான் ஐயா போன அதே சபைக்கு 1952 தேர்தல்ல நம்ம சனத்துல இருந்து ஒருத்தர்கூட ஜெயிச்சு போகல.

இத்தனைக்கும் அப்போ இருந்த சோல்பரி அரசியல் யாப்புல 29(2)னு ஒரு பிரிவு இருந்துச்சு, ஒரு சமூகத்துக்கு மட்டும் பாதகமா சட்டம் போட பாராளுமன்றத்துக்கு அதிகாரம் இல்லன்னு அது தெளிவா சொல்லுது. அத நம்பித்தான் கோடகன்பிள்ளை வழக்கு போட்டாங்க, அப்போ நமக்கு கடைசி அப்பீல் கோர்ட்டா இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போச்சு. 1953ல தீர்ப்பு வந்துச்சு: தன் நாட்டுப் பிரஜை யாருன்னு தீர்மானிக்கிறது சட்டசபையோட அதிகாரம், இது சமூகத்த குறிவச்ச சட்டம் இல்லன்னுட்டாங்க. அந்த தீர்ப்ப எத்தனை தரம் வாசிச்சாலும் எனக்கு மனசு ஆறல, சட்டத்துல எங்க பேரு இல்லதான், ஆனா அடி விழுந்தது எங்க முதுகுல. 1988லயும் 2003லயும் புதுச் சட்டம் கொண்டுவந்து பிரஜாவுரிமை குடுத்ததும் இதே பாராளுமன்றம்தான்.

இப்பவும் முடியுமான்னா, 1978 யாப்புல 75ஆம் உறுப்புரை பாராளுமன்றத்துக்கு ரொம்ப பெரிய அதிகாரம் குடுக்குது, பழைய தேதிக்கு பின்னோக்கி செல்லுற சட்டமும் போடலாம், யாப்பையே திருத்தலாம். ஆனா 26ஆம் உறுப்புரை நமக்கு ஒரு வேலி, பரம்பரையா வந்த பிரஜை, பதிவால வந்த பிரஜைன்னு வித்தியாசம் பார்க்கவே கூடாது. அத தாண்டணும்னா 225 எம்பிமார்ல மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 150 பேர் கை தூக்கணும். 2024 தேர்தல்ல ஒரே கட்சிக்கு 159 வந்துச்சு, அதனால 150ங்கிறது எட்டாத எண்ணிக்கைன்னு நினைச்சுறாதீங்க. முக்கியமா ஒன்னு, சபாநாயகர் கையெழுத்து வச்சபிறகு அந்த சட்டம் செல்லுமான்னு எந்த கோர்ட்டும் கேட்க முடியாது. இன்னும் நிறைவேறாத சட்டமூலமா இருக்கும்போதே, அதுவும் குறிச்ச கொஞ்ச நாளுக்குள்ள உயர் நீதிமன்றம் போகணும், எந்த பிரஜையும் போகலாம், நீங்களும் போகலாம். அதனால அரசாங்க வர்த்தமானில (கெசட்டுல) என்ன சட்டமூலம் வருதுன்னு நம்ம படிச்ச புள்ளைங்க கண்ண வச்சிருக்கணும்.

கேள்வி: கொழுந்து எடுக்கிறவங்க சம்பளத்த எம்பிமார் சபையிலயே கூட்ட முடியாதா?
– வாசகர், மஸ்கெலியா

பதில்: சட்டம் போட்டா முடியும். ஆனா நடக்கிற வழி வேற, சம்பள நிர்ணய சபைச் சட்டம் மூலமா அந்த வேலைய சம்பள நிர்ணய சபைகிட்ட ஒப்படைச்சிருக்கு, அந்த சபை தீர்மானிச்சு வர்த்தமானில வருது, 2021ல 1000 ரூபா அப்படித்தான் வந்துச்சு. லயத்துக்கு பதிலா வீடு, ரோடு இதெல்லாம் அரசாங்க காசு, அதுல 148ஆம் உறுப்புரைப்படி முழுக் கட்டுப்பாடும் பாராளுமன்றத்துக்குத்தான். பட்ஜெட் விவாதத்துல உங்க எம்பி தோட்டத்துக்காக என்ன கேட்டார்னு பாராளுமன்ற பேச்ச பதியிற ஹன்சார்ட்ல பாருங்க, தமிழ்ல பேசினது தமிழ்லயே அச்சாகியிருக்கும்.