கேள்வி-பதில்: எழுத்தாளரை அழைப்பதற்கு முன்

கேள்வி: எங்கள் பாடசாலை நூலகத்தில் நல்ல நூல்கள் நிறைய இருக்கின்றன. ஆனாலும் தரம் 9, 10 பிள்ளைகள் எட்டியும் பார்ப்பதில்லை. ஒக்டோபர் வாசிப்பு மாதத்தில் எழுத்தாளர் ஒருவரை அழைத்து, முழுப் பாடசாலையையும் பிரதான மண்டபத்தில் கூட்டி விழா எடுக்க யோசிக்கிறோம். பிள்ளைகளுக்கு வாசிப்பில் ஆர்வம் வருமா?
— ஆசிரிய நூலகர் ஒருவர், வடமராட்சி

பதில்: இப்படிச் செய்தால் வராது. மங்கல விளக்கேற்றல், வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, பொன்னாடை என்று முதல் ஒரு மணித்தியாலம் போய்விடும். மிஞ்சுகிற இருபது நிமிடத்தில், தன் எழுத்தில் ஒரு வரியும் வாசித்திராத பிள்ளைகளிடம் அந்த எழுத்தாளர் எதைக் கதைப்பார்? 'வாசியுங்கள்' என்றுதான் சொல்ல முடியும். அதைப் பிள்ளைகள் வகுப்பிலேயே போதுமளவு கேட்டுவிட்டார்கள்.

எழுத்தாளர் படலைக்குள் கால் வைக்கும்போது பிள்ளைகள் அவரை வாசித்து முடித்திருக்க வேண்டும். இது நடந்தால் மற்றக் குறைகள் எல்லாம் பெரிதில்லை. நடக்காவிட்டால் எவ்வளவு சிறப்பாக ஒழுங்கு செய்தாலும் பயனில்லை. ஆகவே ஒக்டோபர் நடுவில் வருகை என்றால் வேலை செப்டெம்பர் முதற் கிழமையிலேயே தொடங்க வேண்டும்.

முழுப் பாடசாலை வேண்டாம். ஒரு வகுப்பை எடுங்கள், கூடினால் நாற்பது பேர். அவருடைய நூலில் எட்டுப் பிரதிகள் வாங்குங்கள். ஐந்து பேருக்கு ஒரு பிரதி, ஒருவரிடம் நான்கு நாள் என்று சுற்றவிட்டால் மூன்று கிழமைக்குள் எல்லோரும் வாசித்துவிடலாம். காசு போதாவிட்டால் அவரிடம் அனுமதி கேட்டு ஒரே ஒரு சிறுகதையைப் போட்டோக்கொப்பி எடுங்கள், அதுவும் போதும். முதல் நான்கைந்து பக்கத்தை ஆசிரியர் வகுப்பில் உரத்து வாசிக்க வேண்டும். இதை மட்டும் தவறவிடாதீர்கள். தரம் 9 க்கு வந்த பிறகும் எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். நூலில் வெறுப்பு என்று நாங்கள் நினைப்பது பல வேளை முதற் பக்கத்தைத் தாண்ட முடியாத வெட்கம். கதை தொடங்கி ஆட்கள் அறிமுகமான பிறகு அவர்களில் பலர் மிகுதியைத் தாங்களே தேடுவார்கள்.

ஒரு கிழமை இருக்கும்போது ஆளுக்கொரு துண்டில் ஒரு கேள்வி எழுதி வாங்குங்கள். பெயர் போடச் சொல்ல வேண்டாம். பெயர் போட்டால் ரீச்சருக்குப் பிடிக்கும் என்று நினைக்கும் கேள்விகள்தான் வரும். 'எப்போது எழுதத் தொடங்கினீர்கள்' என்ற வகையை ஒன்றாகத் தொகுத்து எழுத்தாளருக்கு முன்கூட்டியே அனுப்பிவிடலாம். 'அந்தப் பெடியனை ஏன் கடைசிவரை வீட்டுக்குத் திரும்ப விடவில்லை?', 'முடிவு எனக்குப் பிடிக்கவில்லை, ஏன் அப்படி முடித்தீர்கள்?' போன்றவைதான் பெறுமதியானவை. அவற்றில் பன்னிரண்டைத் தெரிந்து வையுங்கள். எழுதிய பிள்ளை விரும்பினால் எழுந்து கேட்கட்டும், கூச்சப்பட்டால் இன்னொருவர் வாசிக்கட்டும்.

அன்றைக்கு நூலகத்திலேயே கதிரைகளை அரைவட்டமாகப் போடுங்கள். ஒலிவாங்கி தேவையில்லை. ஒரு மணித்தியாலத்தில் பத்து நிமிடம் அவர் தன் கதையிலிருந்து வாசிக்க, பத்து நிமிடம் அதை எழுதிய விதத்தைச் சொல்ல, மிகுதி முழுவதும் கேள்விகளுக்கு. வெட்டித் திருத்திய கைப்பிரதி இருந்தால் கொண்டுவரச் சொல்லுங்கள். ஒரே பத்தியை அவர் பலமுறை மாற்றியிருப்பதைக் கண்ணால் கண்டால், தன் கொப்பியில் வெட்டி எழுதுவது குற்றமில்லை என்று பிள்ளைக்கு விளங்கும். சொற்பொழிவு வேண்டாம் என்பதை அழைப்புக் கடிதத்திலேயே மரியாதையாக எழுதிவிடுங்கள். போக்குவரத்துச் செலவோடு ஒரு சிறு தொகையும் கொடுங்கள். பொன்னாடைக் காசில் இன்னும் சில பிரதிகள் வாங்கினால் எழுத்தாளருக்கு அது கூடுதலான மரியாதை.

அவர் புறப்பட்ட கையோடு நூல்கள் இரவல் போக வேண்டும், அடுத்த நாளுக்கு வைக்காதீர்கள். மேசையில் அந்த எட்டுப் பிரதிகளும், பக்கத்தில் அதே சுவையில் வேறு பதினைந்து நூல்களும், கிடைக்காதவர்கள் பெயர் எழுதி வைக்க ஒரு தாளும் இருக்கட்டும். பேச்சில் அச்சில் இல்லாத ஈழத்து நூல் ஒன்று அடிபட்டால் 'நூலகம்' எண்ணிம நூலகத்தில் தேடிக் காட்டுங்கள். கட்டணமில்லை, கைபேசியிலேயே வாசிக்கலாம்.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. நல்ல நூல்கள் இருக்கின்றன என்கிறீர்கள், அவை எங்கே இருக்கின்றன? பல பாடசாலைகளில் அவை கண்ணாடி அலுமாரிக்குள், பூட்டுக்குப் பின்னால் இருக்கின்றன. தொலைந்தால் கணக்கெடுப்பின்போது பொறுப்பாசிரியர்தான் பதில் சொல்ல வேண்டும் என்ற பயம் அது, நியாயமான பயமும்கூட. ஆனால் யாழ்ப்பாணப் பொது நூலகத்தை அமைக்க ஆலோசனை சொன்ன இந்திய நூலகவியலாளர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931 இல் வகுத்த ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது. அந்த நூலகத்தோடு 1981 இல் எரிந்த ஏறத்தாழ 97,000 நூல்களுக்காக நாங்கள் இன்றும் நெஞ்சு பொறுக்காமல் எழுதுகிறோம். ஒரு பிள்ளையின் கையும் படாமல் அலுமாரிக்குள் செல்லரிக்கும் நூலுக்கும் நாங்கள்தான் பொறுப்பு.

பயத்துக்கு வழி இருக்கிறது. அன்பளிப்பாக வந்த நூல்களுக்கு அதிபரின் ஒப்புதலோடு தனிப் பதிவேடு வைத்து, முதலில் அவற்றைத் திறந்த இறாக்கைக்கு மாற்றுங்கள். பழைய பரீட்சை வழிகாட்டிகளையும் கிழிந்த பாடநூல்களையும் அகற்றுங்கள், அவற்றுக்கு நடுவில் நல்ல நூல் கண்ணில் படாது. வாசலடி மேசையில் இருபது நூல்களை அட்டை தெரியும்படி நிறுத்தி, இரண்டு கிழமைக்கொருமுறை மாற்றுங்கள். துப்பறியும் கதை, பேய்க்கதை, கிரிக்கெட், விண்வெளி, சித்திரக்கதை எல்லாம் அங்கே இருக்கட்டும். இவை தரமில்லை என்று ஒதுக்குபவர்கள் பதினான்கு வயதுப் பிள்ளையை நூலகத்திலிருந்தே ஒதுக்குகிறார்கள்.

நேரம்தான் பெரிய சிக்கல். பின்னேரமும் சனி ஞாயிறும் ரியூசனுக்குப் போய்விடுகின்றன. ஆகவே வாசிப்புக்குப் பாடசாலை நேரத்துக்குள்ளேயே இடம் தேட வேண்டும். நூலகப் பாடவேளையைக் கணிதத்துக்கு விட்டுக்கொடுக்காதீர்கள். இடைவேளை இருபது நிமிடம் என்று வையுங்கள், ஒருவருக்குப் பதிய இரண்டு நிமிடம் போனால் பத்துப் பேரோடு மணி அடித்துவிடும், மற்றவர்கள் அடுத்த நாள் வரமாட்டார்கள். நூலுக்குள் ஒரு அட்டை வைத்து, எடுப்பவரே பெயரும் திகதியும் எழுதிப் பெட்டியில் போடும்படி செய்யுங்கள். நான்கு மாணவ நூலகர்கள் இருந்தால் வரிசை தேங்காது.

வாசித்ததற்குச் சுருக்கம் எழுதும் கொப்பியை நிறுத்திவிடுங்கள். பின்னட்டையில் உள்ளதைப் பார்த்து எழுதத்தான் அது பழக்குகிறது. அதற்குப் பதிலாக ஒரு பிள்ளை இரண்டு நிமிடம் நூலை அறிமுகம் செய்யட்டும். யாருக்கு என்ன இக்கட்டு என்று மூன்று வசனம் சொல்லி, அரைப் பக்கம் வாசித்து, முக்கியமான இடத்தில் நிறுத்தினால் போதும். முடிவையும் படிப்பினையையும் ஆசிரியர் இடையில் புகுந்து சொல்லிவிட்டால் அந்த நூலை யாரும் எடுக்கமாட்டார்கள்.

வாசிப்பு மாதப் பேச்சு, கட்டுரை, வினாவிடைப் போட்டிகளின் பரிசுகள் பெரும்பாலும் ஏற்கெனவே வாசிக்கிற அதே சில பிள்ளைகளுக்குத்தான் போகின்றன. எத்தனை நூல் இரவல் போனது என்ற கணக்கும் ஏமாற்றும், ஒருவரே முப்பது எடுத்திருக்கலாம். நாற்பது பேரில் இந்தத் தவணை ஒரு நூலும் எடுக்காதவர்கள் யார் யார் என்று பெட்டியில் உள்ள அட்டைகளை வைத்துப் பட்டியல் போடுங்கள். அந்தப் பிள்ளைகளில் மூன்று நான்கு பேரை அடுத்த முறை நூல் வாங்கப் போகும்போது கடைக்குக் கூட்டிக்கொண்டு போய், ஆளுக்கொரு நூலை அவர்களையே தெரியச் சொல்லுங்கள்.