நடன நிகழ்ச்சியைப் படமெடுத்தால் முன்வரிசைத் தலைகள் வெளுத்து, மேடை இருட்டாக வருகிறதா?

பிளாஷை அணைத்துவிடுங்கள். பின்வரிசையிலிருந்து எடுக்கும்போது அதனால் மேடைக்கு ஒரு பயனும் இல்லை.

தூரம் 2 மடங்கானால் பிளாஷ் வெளிச்சம் கால் பங்காகிவிடும். கேமராவோடு வரும் சின்ன பிளாஷ் சில மீட்டருக்கு மேல் எட்டாது. பக்கத்தில் இருக்கும் தலைதான் அதை முழுக்க வாங்கிக்கொண்டு வெளுக்கிறது. ஆடுபவர்களின் கண்ணையும் அது கூசவைக்கும். எனக்கு அதுவே போதுமான காரணம்.

பிளாஷ் இல்லாமல் ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 3200, ஷட்டர் (ஒளி விழும் நேரம்) 1/125 நொடி, லென்ஸ் துளை முழுக்கத் திறந்து ஒரு படம் எடுங்கள். அப்புறம் திரையில் முகத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அசைவில் கலங்கியிருந்தால் 1/250, ஐஎஸ்ஓ 6400. புள்ளி புள்ளியாகக் கொஞ்சம் நாய்ஸ் வரும், பரவாயில்லை.

எல்இடி விளக்காக இருந்தால் வேகமான ஷட்டரில் பட்டைக் கோடுகள் விழலாம். விழுந்தால் வேகத்தைக் குறையுங்கள்.